ஆலன் டூரிங் நிறுவனம்: ஒரு தேசிய தரவு அறிவியல் மையம் உருவான விதம்

2014 மார்ச் 19 அன்று பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் வாசித்த பட்ஜெட்டில் ஒரு சின்ன அறிவிப்பு இருந்தது. பெருந்தரவு, அல்காரிதம் ஆராய்ச்சிக்காக ஒரு தேசிய நிறுவனம் அமைக்கப்படும், அதற்கு ஐந்து ஆண்டுகளில் 4.2 கோடி பவுண்ட் தரப்படும், கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங்கின் பெயரை அது தாங்கும் என்பதுதான் அந்த அறிவிப்பு. அன்றைக்கு அந்த நிறுவனத்துக்கு இடம் கிடையாது, இயக்குநர் கிடையாது, எந்தப் பல்கலைக்கழகம் நடத்தப்போகிறது என்பதும் முடிவாகவில்லை. கையில் இருந்தது பெயரும் தொகையும்தான்.

பெயருக்கு அப்போது தனி எடை இருந்தது. தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய சட்டத்தின் கீழ் 1952ல் தண்டிக்கப்பட்டு, 1954ல் இறந்துபோன டூரிங்குக்கு அரச மன்னிப்பு கிடைத்தது 2013 டிசம்பர் 24 அன்றுதான். பட்ஜெட்டுக்கு மூன்றே மாதம் முன்னால். அவருக்கு நம் மண்ணோடும் ஒரு தொடர்பு உண்டு. தாய் ஈதல் சாரா ஸ்டோனி பிறந்தது கோயம்புத்தூரை ஒட்டிய போத்தனூரில். தாய்வழித் தாத்தா எட்வர்ட் வாலர் ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். தந்தை ஜூலியஸ் மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. நம் பக்கம் அதிகம் பேசப்படாத செய்தி என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இந்த நிறுவனத்தின் கதையை நான் எடுத்துக்கொள்ளக் காரணம் இதுதான். அறிவிப்பு வந்து 20 மாதத்தில் அதன் கதவு திறந்துவிட்டது. அரசு பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அது அபாரமான வேகம். ஆனால் அடுத்த பத்தாவது ஆண்டில், நிதி தொடருமா என்பதே சந்தேகம் என்று அமைச்சரே கடிதம் எழுதும் நிலைக்கு வந்தது. அந்த வேகத்துக்கும் இந்தச் சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இடம், ஆள், ஆராய்ச்சிக் கேள்வி எல்லாவற்றையும் இரவல் வாங்கி ஒரு தேசிய நிறுவனத்தைத் தொடங்கியதுதான் அந்த வேர்.

நூலகத்துக்குள் ஒரு தளம்

வேலையை முன்னெடுத்தது ஈபிஎஸ்ஆர்சி, அதாவது பொறியியலுக்கும் இயற்பியல் சார்ந்த அறிவியலுக்கும் அரசு நிதி வழங்கும் கவுன்சில். 2014 டிசம்பரில் இடம் முடிவானது: லண்டன் யூஸ்டன் சாலையில் இருக்கும் பிரிட்டிஷ் நூலகம். 2015 ஜனவரி 28 அன்று நடத்தப்போகும் பல்கலைக்கழகங்கள் அறிவிக்கப்பட்டன. கேம்பிரிட்ஜ், எடின்பரோ, ஆக்ஸ்ஃபோர்ட், யுசிஎல் (லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி), வாரிக் என ஐந்து. ஒவ்வொன்றும் 50 லட்சம் பவுண்ட் போட்டது. லாய்ட்ஸ் ரெஜிஸ்டர் அறக்கட்டளை 1 கோடி பவுண்ட் தர முன்வந்தது. ஈபிஎஸ்ஆர்சியும் ஐந்து பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்தன. சட்டப்படி அது லாப நோக்கமில்லாத ஓர் அறக்கட்டளை. ஹோவர்ட் கோவிங்டன் தலைவர் ஆனார். மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக் கூடத்தை நடத்திவந்த கணினிப் பார்வைத் துறை அறிஞர் ஆண்ட்ரூ பிளேக் முதல் இயக்குநராக வந்தார். 2015 நவம்பரில் திறப்பு விழா நடந்தது.

ஐந்து பேர் பட்டியலில் மான்செஸ்டர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1948 முதல் இறக்கும்வரை டூரிங் வேலை பார்த்த பல்கலைக்கழகம் அது. வேல்ஸிலிருந்தும் வட அயர்லாந்திலிருந்தும் ஒரு பல்கலைக்கழகம்கூட இல்லை. இம்பீரியல் கல்லூரி தன் சொந்தத் தரவு அறிவியல் மையத்தை 2014லேயே தொடங்கிவிட்டது. பெயர்ப்பலகையில் 'தேசிய' என்று இருக்க, கூட்டு நிறுவனத்தில் பல்கலைக்கழகங்கள் ஐந்தே என்ற முரண் முதல் நாளிலேயே வந்துவிட்டது.

பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் அளவு புரியும். நூலகத்துக்கு அடுத்த தெருவில் 2016ல் திறந்த பிரான்சிஸ் கிரிக் நிறுவனம் இருக்கிறது. உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கான அந்தக் கட்டடத்துக்கு மட்டும் ஏறக்குறைய 65 கோடி பவுண்ட் செலவானது. அங்கே வேலை செய்பவர்கள் அந்த நிறுவனத்தின் ஆட்கள், ஆய்வுக்கூடமும் அதனுடையது. கொஞ்சம் வடக்கே நடந்தால் கிங்ஸ் கிராஸ், செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டின் இடம். பட்ஜெட்டுக்கு இரண்டு மாதம் முன்புதான் கூகுள் அதை வாங்கியிருந்தது. விலை 40 கோடி பவுண்ட் அளவில் இருக்கும் என்று செய்திகள் வந்தன. அதாவது நாடு முழுமைக்கும் தரவு அறிவியலில் வழிகாட்ட வேண்டிய நிறுவனத்துக்கு அரசு ஐந்து ஆண்டுக்குக் கொடுத்த பணம், அந்த ஒரு ஸ்டார்ட்அப் விற்ற விலையில் பத்தில் ஒரு பங்கு. தரவு அறிவியலுக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், மேசையும் கணினியும் போதும் என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். ஆனால் இந்தத் துறையில் பெரிய செலவு கட்டடம் அல்ல. ஆட்களும் கணிப்புத் திறனும்தான். இரண்டிலும் போட்டி போட வேண்டியது கூகுளோடு.

ஆட்கள் யாருடையவர்கள்?

தொடக்கத்தில் தொடர்ச்சியாகப் பட்டறைகள் நடத்தி, எதை ஆராய்வது என்று ஐந்து பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களிடம் கேட்டார்கள். எல்லோரும் பங்கேற்கும் நல்ல முறைதான். ஆனால் விளைவு எதிர்பார்க்கக்கூடியதே. ஒவ்வொருவரும் தான் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைச் சொன்னார்கள். புள்ளியியல், நகரங்கள், நிதித்துறை, மருத்துவம், பாதுகாப்பு, தனியுரிமை என்று எல்லாமே பட்டியலுக்குள் வந்தன. இதை விட்டுவிடுவோம், இந்த ஒன்றில்தான் நம் பலம் என்று சொல்ல ஒரு கூட்டு நிறுவனத்தால் எளிதில் முடியாது. ஐந்து பங்காளிகளும் ஆளுக்கு 50 லட்சம் போட்டிருக்கிறார்கள், தன் துறை விடுபடுவதை யாரும் ஏற்கமாட்டார்கள்.

ஆய்வாளர்களில் பெரும்பாலோர் 'டூரிங் ஃபெலோ' என்ற பட்டத்தோடு வந்தவர்கள். அவர்களுடைய வேலை சொந்தப் பல்கலைக்கழகத்தில்தான். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் லண்டனில் இருப்பார்கள், மீதி நாள் பாடம் நடத்துவார்கள், தேர்வுத்தாள் திருத்துவார்கள். முனைவர் பட்ட மாணவர்களும் பதிவானது அவரவர் பல்கலைக்கழகத்தில்தான், ஏனென்றால் டூரிங் நிறுவனத்துக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் கிடையாது. நம் நாட்டு உதாரணம் ஒன்றோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். மகலனோபிஸ் 1931ல் கொல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு 1959ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற நிலையையும் பட்டம் தரும் உரிமையையும் கொடுத்தது. அதற்கு முன்பே தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு என்ற பெரிய வேலையும் அதன் கையில் இருந்தது. சட்டத்தில் அதற்கென்று ஓர் இடம் உண்டு, செய்ய வேண்டிய வேலையும் உண்டு. டூரிங்குக்கு இரண்டுமே தெளிவாகக் கிடைக்கவில்லை.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. வெளியே இருப்பவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. பிரிட்டனில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியையும் மதிப்பிட்டு, அந்த மதிப்பெண்ணை வைத்து அரசு பணம் பிரித்துக் கொடுக்கும். 2014லும் 2021லும் அந்த மதிப்பீடு நடந்தது. டூரிங் ஒரு பல்கலைக்கழகம் அல்ல என்பதால் அந்தக் கணக்கிலேயே அது வராது. ஒரு ஃபெலோ டூரிங்கில் உட்கார்ந்து எழுதிய ஆய்வுக்கட்டுரைக்கான மதிப்பெண்ணும் பணமும் அவருடைய பல்கலைக்கழகத்துக்குப் போகும். டூரிங்குக்கு மிஞ்சுவது கட்டுரையின் முதல் பக்கத்தில் இரண்டாவது முகவரியாக ஒரு வரி. ஐந்து ஆண்டு கழித்து நீங்கள் என்ன சாதித்தீர்கள் என்று அரசு கேட்டால், இது எங்கள் வேலை என்று காட்டும் எதையும் பங்காளிகளில் ஒருவர் தன்னுடையது என்று சொல்ல முடியும். அவர் சொல்வதும் உண்மைதான்.

2017 அக்டோபரில் வெண்டி ஹால், ஜெரோம் பெசெண்டி இருவரும் அரசுக்குக் கொடுத்த அறிக்கை, டூரிங்கைச் செயற்கை நுண்ணறிவுக்கும் தேசிய நிறுவனமாக்கப் பரிந்துரைத்தது. அப்படியே ஆனது. 2018க்குள் லீட்ஸ், மான்செஸ்டர், நியூகாசில், லண்டன் குயின் மேரி, பர்மிங்ஹாம், பிரிஸ்டல், எக்ஸிடர், சவுத்தாம்ப்டன் என எட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து மொத்தம் 13 ஆயின. அறிவியலுக்கும் அரசுத்துறைக்குமான செயற்கை நுண்ணறிவுத் திட்டத்துக்கு 3.88 கோடி பவுண்ட் வந்தது. நல்ல தொகை, ஆனால் காலவரையறை உள்ள திட்டப்பணம். ஐந்து பேர் வேலைத்திட்டத்தைச் சுருக்குவதே கடினம் என்றால், 13 பேரை வைத்துக்கொண்டு எப்படிச் சுருக்குவது? பெயரில் ஒரு துறை கூடியது, பங்காளிகள் கூடினார்கள். எதில் கவனம் என்ற கேள்வி அப்படியே நின்றது.

சொந்த ஆட்கள் செய்தவை

இதுவரை சொன்னதை வைத்து டூரிங் வீண் என்று யாராவது முடிவுகட்டினால் அது பெரிய தவறு. அங்கே உண்மையிலேயே அருமையான வேலைகள் நடந்தன. அவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானவை நிறுவனத்தின் சொந்தச் சம்பளத்தில் முழுநேரம் இருந்தவர்கள் செய்தவை.

முதலில் ஆராய்ச்சிப் பொறியாளர் குழு. பல்கலைக்கழக ஆராய்ச்சியில் எழுதப்படும் நிரல்களின் கதி எல்லோருக்கும் தெரிந்ததே. மாணவர் எழுதுவார், கட்டுரை வெளியாகும், மாணவர் பட்டம் வாங்கிப் போவார், நிரல் அப்படியே கிடந்து கெடும். நல்ல நிரல் எழுதியதற்காக எந்தப் பல்கலைக்கழகமும் பதவி உயர்வு தந்ததில்லை, கட்டுரைகளைத்தான் எண்ணும். யுசிஎல்லில் 2012ல் இதற்கென்று ஒரு குழுவை உருவாக்கிய ஜேம்ஸ் ஹெதரிங்டன் டூரிங்குக்கு வந்து அதே மாதிரி ஒரு குழுவைக் கட்டினார். பேராசிரியர் ஒரு யோசனையோடு வருவார், பொறியாளர்கள் அவரோடு சில மாதம் உட்கார்ந்து அதை மற்றவர்களும் இயக்கக்கூடிய மென்பொருளாக மாற்றுவார்கள், பிறகு அடுத்த திட்டத்துக்குப் போவார்கள். கற்றது குழுவிலேயே தங்கும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் ஆராய்ச்சி உலகில் இந்த வேலைக்கு ஒரு நிரந்தரப் பதவியை உண்டாக்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வேலையைச் சில ஆண்டு செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது தரவுப் பாதுகாப்பு. மருத்துவமனை, காவல்துறை, வங்கி ஆகியவற்றின் தரவை ஆராய வேண்டும், ஆனால் யாருடைய லேப்டாப்பிலும் அது போய் உட்காரக்கூடாது. டூரிங் குழு இதற்குச் செய்த வடிவமைப்பு எளிமையானது, பயனுள்ளது. தரவை 0 முதல் 4 வரை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். 0 என்றால் யாரும் பார்க்கலாம், 4 என்றால் மிக அபாயமானது. எந்த நிலை என்பதை ஆய்வாளர் தனியாக முடிவு செய்ய முடியாது. தரவைக் கொடுப்பவரும் சேர்ந்து சம்மதிக்க வேண்டும், தேவைப்பட்டால் வெளியாள் ஒருவரும் பார்ப்பார். நிலை உயர உயரக் கட்டுப்பாடும் கூடும். மேல்நிலைகளில் இணையம் கிடையாது, நகலெடுத்து ஒட்டவும் முடியாது. எல்லாத் தரவுக்கும் ஒரே பூட்டு போட்டால் சாதாரண வேலையும் முடங்கிப்போகும், பூட்டே போடாவிட்டால் விபரீதம். நடுவில் ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்து, அதைக் கட்டும் நிரலையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்த மூலமாக வெளியிட்டார்கள்.

இந்த அமைப்பு தேவைப்பட்டதே பெரும்பாலும் தரவு ஆய்வுக் குழுக்களுக்காகத்தான். 2017ல் தொடங்கிய இந்தக் கூட்டங்களுக்கு ஒரு நிறுவனமோ அரசுத்துறையோ தன் உண்மையான தரவையும் ஒரு சிக்கலையும் கொண்டுவரும். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த இளம் ஆய்வாளர்கள் ஐந்து நாள் அதோடு மல்லுக்கட்டி, கடைசி நாள் விளக்கம் சொல்வார்கள், அப்புறம் அறிக்கை வெளியாகும். ஆக்ஸ்ஃபோர்டில் 1968ல் கணித அறிஞர்கள் தொழிற்சாலைகளோடு நடத்தத் தொடங்கிய வாரக் கூட்டங்களின் மரபு இது. முழு வகுப்பறைப் பாடத்தையும் சுத்தமான தரவில் படித்த மாணவர், பாதி கட்டம் காலியாக இருக்கும் ஒரு மருத்துவமனை அட்டவணையை முதன்முதலாகப் பார்ப்பது இங்கேதான்.

கிர்ஸ்டி விட்டேக்கர் முன்னின்று தொடங்கிய 'டூரிங் வே' கையேடும் இந்த வரிசையில் வரும். ஆராய்ச்சியை மற்றவர் திரும்பச் செய்து பார்க்கும்படி நடத்துவது எப்படி, தரவை எப்படி வைத்துக்கொள்வது, குழுவாக எப்படி வேலை செய்வது என்று இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கும் கையேடு அது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் ஆட்கள் சேர்ந்து எழுதி வளர்க்கிறார்கள். இன்னொரு பக்கம் டேவிட் லெஸ்லி 2019ல் எழுதிய செயற்கை நுண்ணறிவு அறநெறி வழிகாட்டியை பிரிட்டன் தன் அரசுத்துறைகளுக்கான வழிகாட்டியாகவே ஏற்றுக்கொண்டது.

நூலகத்துக்குள் இருந்ததும் ஒரு நல்ல காரியத்தில் முடிந்தது. 2018ல் நூலகமும் டூரிங்கும் சேர்ந்து தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டத்துக்கு 92 லட்சம் பவுண்ட் கிடைத்தது. பழைய செய்தித்தாள்கள், வரைபடங்கள், மக்கள்தொகைக் கணக்குகளை வைத்து, இயந்திரங்கள் வந்தபோது சாதாரண மனிதர்களின் வாழ்க்கை எப்படி மாறியது என்பதை வரலாற்று அறிஞர்களும் தரவு அறிஞர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். இடம் இரவல்தான், ஆனால் இந்த முறை அந்த இரவலே பலன் தந்தது. லண்டன் காற்றின் தரத்தைக் கணிக்கக் கட்டிய அமைப்பை 2020ல் கொரோனா வந்தவுடன் நகரின் நடமாட்டத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டதையும் சொல்ல வேண்டும். அவ்வளவு சீக்கிரம் திருப்ப முடிந்ததற்குக் காரணம், நிரலை நன்றாக எழுதி வைத்திருந்த பொறியாளர்கள் அங்கே இருந்தார்கள்.

2022 நவம்பருக்குப் பிறகு

சாட்ஜிபிடி வந்ததும் எல்லா நாட்டு அரசுகளும் ஒரே கேள்வியைக் கேட்டன: நம்மிடம் இதைப் புரிந்தவர்கள் யார்? பிரிட்டனில் அந்தக் கேள்விக்கு விடையாகத் தேசிய நிறுவனத்தின் பெயர்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2023 ஏப்ரலில் அரசு, சாட்ஜிபிடி போன்றவற்றுக்கு அடிப்படையான பெரிய மாதிரிகளுக்கென்று (அடித்தள மாதிரிகள்) 10 கோடி பவுண்டில் தனிப் பணிக்குழு அமைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் அதுவே செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்பு நிறுவனமாக மாறியது. டூரிங்குக்குத் தொடக்கத்தில் ஐந்து ஆண்டுக்கென்று ஒதுக்கியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், ஒரே அடியில், வேறொரு அமைப்புக்கு. முன்னாள் பிரதமர் டோனி பிளேரின் கொள்கை ஆய்வு நிறுவனம் அதே ஆண்டு வெளியிட்ட அறிக்கை, பிரிட்டனை உலக முன்னணியில் வைத்திருக்க டூரிங்கால் முடியவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியது. பிரிஸ்டலில் 22.5 கோடி பவுண்டில் கட்டிய இசம்பார்ட் சூப்பர் கம்ப்யூட்டரும் டூரிங்கின் கைக்கு வரவில்லை.

அந்த விமர்சனத்தில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. பெரிய மொழி மாதிரிகள் வரப்போகின்றன என்பதை முன்கூட்டியே பார்த்து, அதில் ஆட்களைக் குவிக்க அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை. ஃபெலோக்கள் அவரவர் துறையில் இருந்தார்கள். ஆனால் மறுபாதியையும் பார்க்க வேண்டும். மாதிரி கட்ட ஆயிரக்கணக்கான சிப் வேண்டும், அதைத் தெரிந்தவர்களுக்குக் கிங்ஸ் கிராஸில் கிடைக்கும் சம்பளம் வேண்டும். இரண்டையும் கொடுக்காமல், ஏன் போட்டியில் இல்லை என்று கேட்பது சரியில்லை.

2018 முதல் டூரிங்கைப் புள்ளியியல் அறிஞர் ஏட்ரியன் ஸ்மித் நடத்திவந்தார். 2020ன் இறுதியிலிருந்து 2025 வரை பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்தவரும் அவரே. 2023ல் ஜீன் இன்னஸ் தலைமை நிர்வாகியாக வந்தார். எல்லாவற்றையும் செய்வதை விட்டு மருத்துவம், சுற்றுச்சூழல், பாதுகாப்பு ஆகிய மூன்று பெரிய சவால்களில் கவனத்தைக் குவிக்கப் புதிய திட்டம் வகுத்தார்கள். 2024ல் ஈபிஎஸ்ஆர்சி அடுத்த ஐந்து ஆண்டுக்கு 10 கோடி பவுண்ட் கொடுத்தது. சரி, முன்பே எடுத்திருக்க வேண்டிய முடிவு. ஆனால் எட்டு ஆண்டு எல்லோரையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்த இடத்தில், நீங்கள் வேண்டாம் என்று சொல்லும் வேலை மிகக் கசப்பாக நடந்தது. 2024 மார்ச்சில், உயர் அறிவியல் பதவிகள் நான்கிலும் ஆண்களையே நியமித்ததைக் கேள்வி கேட்டு 180க்கும் மேற்பட்டோர் கடிதம் எழுதினார்கள். டிசம்பரில் 93 பேர் தலைமை மேல் நம்பிக்கையில்லை என்று கையெழுத்திட்டார்கள். 2025 ஜூலையில் தொழில்நுட்ப அமைச்சர் பீட்டர் கைல், ராணுவத் துறையையும் தேசப் பாதுகாப்பையும் முதன்மையாக்க வேண்டும், தலைமையும் அதற்கேற்ப மாற வேண்டும், இல்லையென்றால் நிதி மறுபரிசீலனைக்கு வரும் என்று எழுதினார். செப்டம்பரில் இன்னஸ் பதவி விலகுவதாக அறிவித்தார்.

அமைச்சரின் கடிதம் எனக்கு வருத்தம் தந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி டூரிங்குக்குப் புதிதல்ல. ஜிசிஎச்கியூ என்ற மின்னணு உளவு அமைப்பு 2015லிருந்தே அதன் கூட்டாளி. ஆனால் 13 பல்கலைக்கழகங்களின் பணத்தோடும் ஆட்களோடும் நடக்கும் ஓர் அறக்கட்டளையிடம், வெளியிட முடியாத ஆராய்ச்சியை முதல் வேலையாக்கு என்று சொன்னால், வெளியீட்டை வைத்தே வாழும் பல்கலைக்கழக ஆய்வாளர் அங்கே ஏன் வர வேண்டும்? 2014ல் பேசி முடித்திருக்க வேண்டிய கேள்வி இது. அரசுக்கு வேலை செய்யும் ஆய்வுக்கூடம் வேண்டுமா, பல்கலைக்கழகங்களை இணைக்கும் மேடை வேண்டுமா? இரண்டும் தேவையானவைதான், ஆனால் இரண்டுக்கும் சட்டம் வேறு, பணம் வேறு, ஆள் எடுக்கும் முறை வேறு. பட்ஜெட் உரையின் ஒற்றை வாக்கியம் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டது.

இந்தச் சண்டைகள் உச்சத்தில் இருந்த 2025 மார்ச்சில் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆர்ட்வார்க் என்ற வானிலை முன்கணிப்பு அமைப்பைப் பற்றியது. மரபான வானிலைக் கணிப்புக்கு சூப்பர் கம்ப்யூட்டரும் பெரிய குழுவும் வேண்டும். ஆர்ட்வார்க், செயற்கைக்கோள், வானிலை நிலையம், பலூன் ஆகியவற்றின் அளவீடுகளை நேரடியாக வாங்கிக்கொண்டு ஒரு மேசைக் கணினியிலேயே கணித்துவிடுகிறது. சொந்தமாகச் சூப்பர் கம்ப்யூட்டர் வாங்க வழியில்லாத நாடுகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை. முன்னின்று நடத்திய ரிச்சர்ட் டர்னர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர், டூரிங்கில் வானிலைக் கணிப்பு ஆராய்ச்சியின் பொறுப்பாளரும்கூட. கட்டுரையின் பின்னால் கேம்பிரிட்ஜ், டூரிங், மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவு, ஐரோப்பிய வானிலை மையம் ஆகிய பெயர்கள் இருக்கின்றன. அடுத்த தேசிய மதிப்பீட்டில் அதன் மதிப்பெண் கேம்பிரிட்ஜின் கணக்கில் சேரும்.